குளிசைச் சூடா, வயதுச் சூடா? படுவான்கரை வாசகிக்கு ஒரு மருத்துவரின் பதில்

கேள்வி:

டொக்டர், நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம். வயது 47. எனக்கும் மனிசனுக்கும் எச்.ஐ.வி இருக்கென்று 2013-ல் தெரிய வந்தது. இரண்டு பேரும் மட்டக்களப்பில் எஸ்.டி.டி (பாலியல் நோய்) கிளினிக்கில் மருந்து எடுக்கிறோம். ரத்தத்தில் வைரஸ் தெரியவில்லை என்று போன வருடமும் சொன்னார்கள். குளிசைப் போத்தலில் டெனோபோவிர், லாமிவுடின், டொலுடெகிராவிர் என்று இருக்கிறது.

ஏழு மாதமாக மாதவிடாய் வரவில்லை. அதற்கு முன் ஒரு வருடம் கண்டபடி வந்தது. ராவில் நெஞ்சுக்குள் இருந்து நெருப்பு எழும்பி முகம், காது எல்லாம் எரியும். பிறகு தொப்பமாக நனைந்துவிடுவேன், உடுப்பு இரண்டு தரம் மாற்ற வேண்டும். நித்திரை இல்லை. சின்ன விஷயத்துக்கும் மகளில் எரிந்து விழுகிறேன். மூத்த மகளுக்கு வீட்டைக் கொடுத்துக் கட்டி வைத்தோம், நாங்கள் அதே வளவில் பின்பக்க அறையில் இருக்கிறோம். எங்கள் வருத்தம் மகளுக்கும் மருமகனுக்கும் தெரியாது.

பக்கத்து டிஸ்பென்சரியில் காட்டினேன். எச்.ஐ.வியைச் சொல்லவில்லை. கல்சியம் குளிசை தந்தார். மறக்காமல் இருக்க அதையும் படுக்கும்போது எச்.ஐ.வி குளிசையோடு சேர்த்துப் போடுகிறேன். இந்தச் சூடு எச்.ஐ.வி குளிசையால்தான் என்று நினைத்து, ஆறு கிழமையாக அதை ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுக்கிறேன். சூடு குறையவில்லை. வைரஸ் திரும்ப எழும்பிவிட்டதா? இன்னொன்று, எழுத வெட்கமாக இருக்கிறது. மனிசனோடு சேரும்போது சரியான நோவு. தேங்காய் எண்ணெய் பூசியும் பார்த்தோம். நான் அவரை வெறுக்கிறேன் என்று அவர் நினைக்கிறார்.

பதில்:

தங்கச்சி, மற்றதெல்லாம் பிறகு. இன்று ராவில் இருந்து எச்.ஐ.வி குளிசையை ஒவ்வொரு நாளும் எடுங்கள். விட்ட நாட்களுக்கு ஈடாக இரண்டாகப் போட வேண்டாம், ஒன்று போதும். அடுத்த கிளினிக் திகதி எப்போது என்று பார்த்துக்கொண்டிருக்காமல் இந்தக் கிழமையே போய், எனக்கு எழுதியதை அப்படியே அங்கே சொல்லுங்கள். ஏசுவார்களோ என்ற பயம் இருக்கும். பெரும்பாலும் ஏசமாட்டார்கள். ஒரு வார்த்தை கூடக்குறையச் சொன்னாலும் பரவாயில்லை, உண்மையைச் சொல்லிவிட்டு வாருங்கள். நீங்கள் குளிசை விட்டது தெரியாமல் எடுக்கும் ரத்தப் பரிசோதனையை வைத்து அவர்களால் சரியான முடிவுக்கு வர முடியாது.

வைரஸ் எழும்பிவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். அதை நானோ நீங்களோ வியர்வையை வைத்துச் சொல்ல முடியாது. வைரஸின் அளவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். டொலுடெகிராவிர் கொஞ்சம் பொறுமையான மருந்து. சில நாள் தவறினாலும் வைரஸ் அதை எதிர்த்துப் பழகிக்கொள்வது லேசில் நடக்காது. ஆனால் அரைவாசி மருந்தில் மாதக்கணக்காக ஓடினால் அந்தப் பொறுமைக்கும் எல்லை இருக்கிறது. உங்களுக்கு ஹெப்படைடிஸ் பி கிருமியும் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். டெனோபோவிரும் லாமிவுடினும் அதையும் சேர்த்தே அடக்கி வைத்திருப்பவை, இடையில் நிறுத்தினால் ஈரல் வீங்கக்கூடும். கிளினிக்கில் அந்த முடிவு உங்கள் பதிவில் இருக்கும், கேளுங்கள்.

இப்போது அந்தக் கல்சியம் குளிசை. உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்தது இதுதான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுப்பது பிழை என்று உங்கள் மனதுக்கே தெரிந்திருக்கிறது, அதனால்தான் எழுதினீர்கள். கல்சியத்தை ஒரு நல்ல காரியம் என்று நினைத்துச் செய்திருக்கிறீர்கள். டொலுடெகிராவிர் குடலுக்குள் போனதும் கல்சியம், இரும்பு, மக்னீசியம், அலுமினியம், சிங்க் போன்றவற்றோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது ரத்தத்துக்குள் போகாமல் மலத்தோடு போய்விடும். வெறும் வயிற்றில் கல்சியத்தோடு சேர்த்து எடுத்தால் உடம்புக்குள் சேரும் டொலுடெகிராவிர் 39 வீதம் குறைகிறது, இரும்புச்சத்துக் குளிசையோடு எடுத்தால் 54 வீதம் குறைகிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். ஆக, நீங்கள் குளிசை போட்ட ராவுகளிலும் முழுக் குளிசை உங்களுக்குள் போகவில்லை.

கல்சியத்தை நிறுத்தத் தேவையில்லை, நேரத்தை மாற்றினால் போதும். கல்சியத்தை மத்தியானச் சோற்றோடு எடுங்கள், எச்.ஐ.வி குளிசையை வழமையான நேரத்தில் எடுங்கள். ஒரு நாள் இரண்டையும் ஒன்றாக எடுக்க வேண்டி வந்தால், வயிறு நிறையச் சாப்பிடும்போது இரண்டையும் சேர்த்து எடுக்கலாம். சாப்பாட்டோடு எடுத்தால் அந்த ஒட்டுதல் பாதிப்பதில்லை. இரும்புச்சத்துக் குளிசைக்கும் இதுதான். வெறும் வயிற்றில் எடுப்பதாக இருந்தால், எச்.ஐ.வி குளிசை எடுத்து இரண்டு மணித்தியாலம் கழித்து, அல்லது அதற்கு ஆறு மணித்தியாலம் முந்தி கல்சியத்தை எடுக்க வேண்டும். நெஞ்செரிவுக்குக் குடிக்கும் வெள்ளைப் பாணி மருந்துக்கு மட்டும் சாப்பாட்டுச் சலுகை கிடையாது. அதில் அலுமினியமும் மக்னீசியமும் இருக்கும், எப்போதும் அந்த இரண்டு, ஆறு மணிக் கணக்குத்தான்.

டிஸ்பென்சரி டொக்டரில் பிழை இல்லை. 47 வயதுப் பெண்ணுக்குக் கல்சியம் கொடுப்பது வழமை. உங்கள் மற்றக் குளிசையைப் பற்றி அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். சின்ன ஊரில் டிஸ்பென்சரியில் இருப்பவரின் மச்சாள் உங்கள் அடுத்த வளவில் இருப்பார், எனக்கு அது விளங்குகிறது. எல்லா டொக்டரிடமும் கட்டாயம் சொல்லுங்கள் என்று நான் எழுதப் போவதில்லை. அதற்குப் பதிலாக ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: வெளியில் யார் எந்தப் புதுக் குளிசை தந்தாலும், அது எஸ்.டி.டி கிளினிக் மேசையில் ஒரு தரம் இருந்துவிட்டுத்தான் உங்கள் வாய்க்குள் போக வேண்டும். ஆயுர்வேதச் சூரணம், விட்டமின், பாமசியில் துண்டில்லாமல் வாங்கியது எல்லாம் இதில் அடங்கும். நாளைக்கு சுகர் இருக்கென்று மெட்போர்மின் தந்தால் அதையும் காட்டுங்கள். டொலுடெகிராவிரோடு சேரும்போது மெட்போர்மின் ரத்தத்தில் கூடும், வழமையாக ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராமுக்கு மேல் போகவிடமாட்டோம்.

சரி, அந்த நெருப்புக்கு வருவோம்.

நீங்கள் விவரித்த விதத்தைப் பார்த்தால், மாதவிடாய் நிற்கும் காலத்துச் சூட்டலை என்று நூற்றுக்கு எண்பது தொண்ணூறு சொல்லிவிடலாம். ஒரு வருடம் கண்டபடி வந்து, பிறகு நின்று, நெஞ்சில் இருந்து எழும்பி முகத்துக்கு ஏறும் சூடு, அதன் பின்னால் வியர்வை, அதன் பின்னால் ஒரு குளிர். இதுதான் அதன் நடை. சூலகம் ஈஸ்ட்ரஜன் சுரப்பதைக் குறைக்கும்போது, மூளையில் உடம்பின் வெப்பத்தைப் பார்த்துக்கொள்ளும் பகுதி தேவைக்கு மேல் உணர்ச்சிப்படும். உடம்பு ஒரு துளி சூடானாலும் காய்ச்சல் வந்ததுபோலத் தோலின் ரத்தக் குழாய்களைத் திறந்து வியர்வையைக் கொட்டும். ஆனி ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது மட்டக்களப்பில் வியர்க்காதவர் யார் என்று கேட்பீர்கள். வித்தியாசம் இருக்கிறது. காலநிலை வியர்வை நாள் முழுக்கக் கசியும். இது அலையாக வந்து சில நிமிடத்தில் போகும், மார்கழி மழையில் போர்வைக்குள் கிடந்தாலும் வரும்.

எச்.ஐ.வி உள்ள பெண்களுக்கு மாதவிடாய் சற்று முந்தி நிற்பதையும், இந்தச் சூட்டலை கடுமையாக இருப்பதையும் பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். உடம்பு மெலிந்தவர்களிலும், சி.டி.4 என்ற நோய் எதிர்ப்புக் கலங்களின் எண்ணிக்கை நீண்ட காலம் குறைந்திருந்தவர்களிலும், புகை பிடிப்பவர்களிலும் இது கூடுதல். 45-க்கு மேல் என்றால் பொதுவாக ஹோர்மோன் பரிசோதனை தேவைப்படாது, வயதும் அறிகுறியும் போதும். இதை வாசிக்கும் வேறு யாருக்கும் 45-க்கு முன்பே மாதவிடாய் நின்றிருந்தால் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும். அந்த வயதில் அது தானாக நின்றதா, உடம்பு மெலிந்ததாலோ வேறு மருந்தாலோ தற்காலிகமாக நின்றதா என்று பிரித்தறிய வேண்டும்.

மிச்சப் பத்து இருபதுக்காக மூன்று விஷயம் பார்த்துவிட வேண்டும். முதலாவது காசநோய். எச்.ஐ.வி உள்ள ஒருவருக்கு இருமல், காய்ச்சல், எடை குறைதல், இரவு வியர்வை இந்த நான்கில் ஒன்று இருந்தாலே காசநோய்க்குப் பார்க்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதி. உங்களுக்கு இருமல் இருப்பதாக எழுதவில்லை, ஆனாலும் வியர்வை ஒன்றே போதும். சளிப் பரிசோதனைக்கும் நெஞ்சுப் படத்துக்கும் அனுப்பினால் பயப்படாமல் போய் வாருங்கள். இரண்டாவது தைரொயிட், ஒரு ரத்தப் பரிசோதனையில் முடிந்துவிடும். மூன்றாவது கர்ப்பம். சிரிக்காதீர்கள். பேரப்பிள்ளை பார்க்கிற வயதில் கிளினிக்குக்கு வந்து, மாதவிடாய் நின்றுவிட்டது என்று சொன்ன பெண்ணின் சிறுநீரில் இரண்டு கோடு தெரிந்த கதை எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

குளிசையால் சூடு வருமா என்ற உங்கள் சந்தேகத்தில் ஒரு சின்ன நியாயம் இருக்கிறது. டொலுடெகிராவிர் சிலருக்கு நித்திரையைக் கெடுக்கும். படுக்கும்போது எடுப்பவர்கள் அதைக் காலைச் சாப்பாட்டோடு மாற்றிக்கொண்டால் பலருக்கு நித்திரை திரும்புகிறது. கிளினிக்கில் கேட்டுவிட்டு மாற்றுங்கள். அலை அலையாக வரும் சூட்டுக்கு இந்தக் குளிசை காரணம் இல்லை. ஆறு கிழமை பாதியாகக் குறைத்துப் பார்த்தும் சூடு அப்படியே இருந்ததே.

இதையெல்லாம் கிளினிக்கில் ஏன் யாரும் முந்தியே உங்களிடம் கேட்கவில்லை? இலங்கையரில் முதல் எச்.ஐ.வி நோயாளி 1987-ல் கண்டறியப்பட்டார். அரசாங்கம் இலவசமாகக் குளிசை கொடுக்கத் தொடங்கியது 2004-ல். அதற்கு முன் இந்த நோயோடு ஒரு பெண் மாதவிடாய் நிற்கும் வயதுவரை போவாளா என்பதே கேள்வி. இப்போது போகிறார்கள், எழுபதுக்கும் போவார்கள். கிளினிக்கின் கேள்வித்தாள்தான் இன்னும் அந்த வயதுக்கு வந்து சேரவில்லை. குளிசை, இருமல், எடை, ஆணுறை எல்லாம் கேட்போம், கடைசி மாதவிடாய் எப்போது என்று பிள்ளை பெறுகிற வயதில்தான் கேட்போம். எங்கள் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. உங்கள் வயதுப் பெண் நித்திரை இல்லை, மனம் சரியில்லை என்று சொன்னால் உடனே பேச்சு 1990 யுத்தத்துக்கும் 2004 சுனாமிக்கும் போய்விடும். அந்தக் காயங்கள் உண்மை. ஆனால் ராவில் எத்தனை தரம் உடுப்பு மாற்றுகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. ஆகவே நீங்களாகத்தான் வாய் திறக்க வேண்டும்.

இதற்கு மருந்து உண்டா? உண்டு. எச்.ஐ.வி இருப்பதால் ஹோர்மோன் சிகிச்சை எடுக்கக் கூடாது என்று யாரும் சொன்னால் அது சரியில்லை. 60 வயதுக்குள், மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள் இருக்கும் பெண்ணுக்கு, வேறு தடை இல்லையென்றால், கடுமையான சூட்டலைக்கு மிக நன்றாக வேலை செய்வது அதுதான். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், காலிலோ நுரையீரலிலோ ரத்தக் கட்டி வந்தவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்கள், ஈரல் கடுமையாகப் பழுதானவர்கள் எடுக்கக் கூடாது. கர்ப்பப்பை இருப்பவர்களுக்கு ஈஸ்ட்ரஜனை மட்டும் கொடுக்கக் கூடாது, புரொஜெஸ்டரோனும் சேர வேண்டும். எச்.ஐ.வி மருந்தில் எது என்பதைப் பொறுத்து ஹோர்மோனின் அளவு மாறும். பழைய எபாவிரென்ஸ், நெவிராபின் ஈஸ்ட்ரஜனை வேகமாக உடைத்துவிடும், ரிட்டோனாவிர் சேர்ந்த மருந்துகளிலும் கணக்குச் சிக்கலாகும். உங்கள் டொலுடெகிராவிருக்கு அந்தச் சண்டை இல்லை. தோலில் ஒட்டுவதும் பூசுவதும் குளிசையைவிட ரத்தக் கட்டி ஆபத்துக் குறைந்தவை, ஆனால் கிழக்கில் எல்லாப் பாமசியிலும் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எஸ்.டி.டி கிளினிக்கில் இருந்து வி.ஓ.ஜிக்கு (பெண் நோயியல் நிபுணருக்கு) ஒரு கடிதம் கேளுங்கள். அவரிடம் நோயை நீங்கள் வாயால் சொல்லத் தேவையில்லை, கடிதம் சொல்லும்.

ஹோர்மோன் வேண்டாம் என்று நினைத்தால் வேறு குளிசைகளும் இருக்கின்றன. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் வென்லபக்சின், நரம்பு நோவுக்குக் கொடுக்கும் காபபென்டின் போன்றவை குறைந்த அளவில் சூட்டலையையும் குறைக்கும். அவற்றை உங்கள் டொக்டர்தான் தெரிவு செய்ய வேண்டும். வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம்தான்: நைலோன் நைட்டியை விட்டுவிட்டு மெல்லிய பருத்தி, கட்டிலுக்கு நேரே பேன், பக்கத்தில் தண்ணீர். பொழுதுபட்ட பிறகு கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணி வேண்டாம். வெற்றிலை போடுவீர்களா என்று எழுதவில்லை. போட்டால் ஒரு கிழமை விட்டுப் பாருங்கள். பாக்கு அதுவாகவே முகத்தைச் சூடாக்கி வியர்க்க வைக்கும். வாய்ப் புற்றுநோயைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் அது வேறு பதில்.

வெட்கப்பட்டு எழுதிய விஷயத்துக்கு வருகிறேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, இந்த வயதில் மிகச் சாதாரணம். ஈஸ்ட்ரஜன் குறைந்தால் பெண்ணுறுப்பின் உட்தோல் மெலிந்து காயும், உரசினால் எரியும், சில நேரம் கசியவும் செய்யும். சிறுநீர் எரிவதும் அடிக்கடி போக வேண்டும் போல இருப்பதும் அதன் பக்கத்துணை. மனிசனில் வெறுப்பு வந்ததற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள், டொக்டரே எழுதியிருக்கிறார் என்று சொல்லுங்கள்.

ஆனால் தேங்காய் எண்ணெயை நிறுத்துங்கள். நீங்கள் ஆணுறை பாவிப்பவர்கள் என்றால் எண்ணெய் பட்டதும் ரப்பர் இளகிக் கிழிந்துவிடும். தேங்காய் எண்ணெய், வசலின், பேபி ஒயில் எல்லாம் ஒன்றுதான். தண்ணீரில் கரையும் ஜெல் என்று கேட்டு வாங்குங்கள். ஆணுறை தரும் கிளினிக்கிலேயே அதையும் கேட்டுப் பார்க்கலாம். அது போதாவிட்டால் உள்ளே பூசும் ஈஸ்ட்ரஜன் கிரீம் இருக்கிறது. அது அந்த இடத்திலேயே வேலை செய்யும், ரத்தத்துக்குள் போவது மிகக் குறைவு, எச்.ஐ.வி குளிசையோடு மோதாது. தொடங்க முன் ஒரு தரம் பரிசோதித்துக்கொள்ளுங்கள், நோவுக்குக் கிருமித் தொற்றும் காரணமாக இருக்கலாம். குடும்பக் கட்டுப்பாட்டை இப்போதே விட்டுவிடாதீர்கள். மாதவிடாய் நின்றது என்று உறுதியாகச் சொல்ல, முழுதாக 12 மாதம் வராமல் இருக்க வேண்டும். 50-க்குக் கீழே என்றால் கடைசி மாதவிடாயில் இருந்து இரண்டு வருடம் வரை கவனமாக இருக்கச் சொல்வோம். அப்படி நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே காட்ட வேண்டும்.

ரத்தம் என்றதும் ஞாபகம் வந்தது. கர்ப்பப்பைக் கழுத்துப் பரிசோதனை எப்போது செய்தீர்கள்? எச்.ஐ.வி உள்ள பெண்களுக்கு அந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஆறு மடங்கு. பொதுவாக இங்கே சுகவனிதையர் கிளினிக்கில் 35 வயதிலும் 45 வயதிலும் கூப்பிடுவார்கள், உங்களுக்கு அந்த இடைவெளி போதாது. அந்தப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி வைரஸை நேரடியாகத் தேடும் பரிசோதனை என்றால் மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒரு தரம். கழுத்தில் இருந்து கலங்களை எடுத்துப் பார்க்கும் பாப் பரிசோதனை என்றால் இன்னும் கிட்டக்கிட்ட. எஸ்.டி.டி கிளினிக்கில் கேட்டால் ஒழுங்கு செய்வார்கள்.

எலும்பையும் இதயத்தையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாதவிடாய் நின்றதும் எலும்பு வேகமாகத் தேயும், டெனோபோவிரும் அதில் கொஞ்சம் எடுக்கும். அதனால் உங்களுக்கு அந்தக் கல்சியம் வீண் இல்லை. ஆனால் குளிசையை மட்டும் நம்பி இருக்காதீர்கள். முள்ளோடு சாப்பிடும் நெத்தலி, எருமைத் தயிர், குரக்கன், எள்ளு எல்லாம் நம் ஊரில் மலிவு. ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் விறுக்கென்று நடந்தால் எலும்பு பலப்படும், நித்திரையும் வரும். வெயில் ஊரிலும் விட்டமின் டி குறைவது சாதாரணம், முழுக்க மூடி உடுத்து வீட்டுக்குள்ளேயே இருப்பவர்களுக்கு இன்னும் கூட. இதயத்தைப் பொறுத்தவரை, எச்.ஐ.வி இருப்பவர்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு ஏற்கெனவே கூட, ஈஸ்ட்ரஜன் போனதும் இன்னும் ஏறும். பிரஷர், சுகர், கொலஸ்ட்ரோல் மூன்றையும் வருடா வருடம் பாருங்கள். 2023-ல் வெளியான ரிப்ரீவ் என்ற பெரிய ஆய்வில், 40-க்கும் 75-க்கும் இடைப்பட்ட, எச்.ஐ.வியோடு வாழும் 7769 பேரில் பாதிப் பேருக்குப் பிட்டவஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரோல் குளிசையைக் கொடுத்துப் பார்த்தார்கள். மாரடைப்பு, பாரிசவாதம் போன்றவை 35 வீதம் குறைந்தன. உங்களுக்கு அப்படி ஒன்று தேவையா என்று டொக்டரிடம் கேளுங்கள்.

மகளில் எரிந்து விழுவது பற்றி. ராவில் இரண்டு தரம் எழும்பி உடுப்பு மாற்றுகிற எவருக்கும் பகலில் பொறுமை இருக்காது. நித்திரை வந்தால் பாதி சரியாகும். ஆனால் இரண்டு கிழமைக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், அழுகை அழுகையாக, செத்தால் என்ன என்று தோன்றினால் அதை மாதவிடாயில் போடாதீர்கள். ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு அழைத்தாலும் கதைப்பார்கள். இங்கிலாந்தில் 45 முதல் 60 வயது வரையான, எச்.ஐ.வியோடு வாழும் பெண்களிடம் செய்த பிரைம் ஆய்வில், மாதவிடாய் நிற்கும் அறிகுறிகள் கடுமையாக இருந்தவர்கள்தான் குளிசையையும் கிளினிக்கையும் கூடுதலாகத் தவறவிட்டார்கள். உங்கள் ஆறு கிழமைக் கதையும் அதேதான். அதனால் சூட்டலைக்கு மருந்து கேட்பது ஆடம்பரம் என்று நினைக்க வேண்டாம். அது உங்கள் எச்.ஐ.வி சிகிச்சையின் ஒரு பகுதி.

உங்கள் கடிதத்தைத் திரும்ப வாசித்தபோது ஒன்று தோன்றியது. மகளிடம் நீங்கள் இரண்டு விஷயத்தை மறைக்கிறீர்கள். எச்.ஐ.வியைச் சொல்வதா இல்லையா என்பது உங்கள் முடிவு. இப்போது சொல்லாவிட்டாலும் குறை இல்லை. மருந்து எடுத்து வைரஸ் அடங்கியிருக்கும் ஒருவரோடு ஒரே வளவில் இருந்து, ஒரே பானைச் சோறு தின்பதால் மகளுக்கோ பேரப்பிள்ளைக்கோ ஒன்றும் வராது. வைரஸ் அடங்காமல் இருந்தாலும் சோற்றாலும் கோப்பையாலும் வராது. ஆனால் மாதவிடாய் நிற்கிறதை ஏன் மறைக்கிறீர்கள்? அதைத் தாராளமாகச் சொல்லலாம். "எனக்கு அந்த வயசு வந்திட்டு மகள், ராவில நித்திரை இல்ல, அதால கோபம் வருது" என்று ஒரு நாள் அடுப்படியில் சொல்லிப் பாருங்கள். முன்வீட்டில் இருக்கும் நல்ல பேன் பின்பக்க அறைக்கு வரக்கூடும். அடிக்கடி ஆஸ்பத்திரிக்குப் போவதற்கும் குளிசை எடுப்பதற்கும் ஒரு காரணம் கிடைக்கும், அதுவும் பொய்க் காரணம் இல்லை.

கிளினிக்குக்குப் போகும்போது கல்சியம் அட்டை, டிஸ்பென்சரி துண்டு, வீட்டில் இருக்கும் வேறு எந்தக் குளிசை என்றாலும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். ஆறு கிழமையில் எந்தெந்த நாள் குளிசை எடுக்கவில்லை என்பதை ஒரு கலண்டர் தாளில் கோடு போட்டுக் கொடுங்கள், ஞாபகம் இல்லாவிட்டால் ஏறக்குறைய என்றாலும் சரி. மனிசனும் வருவதாக இருந்தால் நோவு விஷயத்தை அவர் முன்னால் டொக்டர் விளக்கட்டும். மட்டக்களப்புக் கிளினிக்கில் தெரிந்த முகம் யாரும் வேலைக்கு வந்து அதனால் தயங்குகிறீர்கள் என்றால் கல்முனையிலும் அம்பாறையிலும் எஸ்.டி.டி கிளினிக் இருக்கிறது, மாற்றிக் கொடுக்கச் சொல்லிக் கேட்கலாம். மாற்றிக் கிடைக்கும் வரை போத்தலில் எத்தனை குளிசை மிச்சம் என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். முடிவதற்கு ஒரு கிழமை முன்பே போய்விட வேண்டும்.